வீடு திரும்பும் கடைசி இரண்டு நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்பத்தோடு காரில் பல நாள் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்காக இன்று பேசுகிறேன். கிளம்புவதற்கு முன்னால் வண்டியை சர்வீஸுக்கு விடுகிறோம், டயரில் காற்று பார்க்கிறோம், பெட்டிகளை யோசித்து யோசித்து அடுக்குகிறோம். திரும்பும்போது இதில் ஒன்றையும் செய்வதில்லை. அதற்குள் வண்டி நிறைய ஓடியிருக்கும், ஓட்டுகிறவருக்கும் தூக்கம் பாக்கி இருக்கும். இந்த நிலையில்தான் "இன்னும் கொஞ்ச தூரம்தானே, ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

அதற்கு வழி, தூரத்தைப் பிரிப்பதிலேயே இருக்கிறது. 800 கிலோமீட்டர் மிச்சம் இருந்தால் நாளுக்கு 400 என்று சரிபாதியாகப் பிரிக்க வேண்டாம். முதல் நாள் 500, கடைசி நாள் 300 என்று வையுங்கள். வழியில் நிற்பதையும் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் 300 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் நடுப்பகலில் வீடு. மனித உடம்புக்குத் தூக்கம் தானாக அழுத்தும் நேரம் இரண்டு உண்டு. ஒன்று நள்ளிரவு தாண்டி விடியும்வரை, இன்னொன்று பிற்பகல் 2 முதல் 4 வரை. இப்படிக் கடைசி நாளில் இரண்டிலும் சிக்க மாட்டீர்கள்.

வேகத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கடைசி 100 கிலோமீட்டரை 80 வேகத்தில் ஓட்டினால் 75 நிமிடம், 100 வேகத்தில் 60 நிமிடம். மிச்சம் 15 நிமிடம்தான். ஆனால் வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறிவிடும். அதுவும் சாமான் நிறைந்த வண்டியில்.

தூக்கம் வருவதற்கு முன்னால் அடையாளங்கள் வரும். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்றே நினைவிருக்காது. திரும்ப வேண்டிய இடத்தின் பலகையைத் தவறவிடுவோம். கால் தன்னையறியாமல் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 25 மீட்டர் போகிறது. கண் நான்கு விநாடி செருகினால், பார்ப்பவர் இல்லாமல் 100 மீட்டர். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். தூங்கினால்தான் தூக்கம் தீரும்.

அதையும் முறையாகச் செய்யலாம். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு, உடனே 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். காபியின் வேலை தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும் என்பதால், அது தூக்கத்தைக் கெடுக்காது, எழும்போது கைகொடுக்கும். அரை மணிக்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி, எழுந்ததும் தலை கனக்கும். எழுந்து ஐந்து பத்து நிமிடம் நடந்த பிறகே ஸ்டியரிங்கைத் தொடுங்கள். இது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும், ராத்தூக்கத்துக்கு ஈடாகாது. இன்னொரு விஷயம்: ஏசியை உள்காற்றே சுற்றும்படி மணிக்கணக்கில் விடாதீர்கள். ஐந்து பேர் மூச்சுவிடும் மூடிய வண்டியில் கரியமில வாயு சேர்ந்து எல்லோருக்கும் கண்ணைச் சுழற்றும். வெளிக்காற்று வரும்படி பொத்தானை மாற்றுங்கள்.

இனி டயர். கடைசி நாள் காலையில், வண்டி இரவெல்லாம் நின்று டயர் ஆறியிருக்கும்போது காற்று பாருங்கள். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். அதுதான் உங்களுக்கான அளவு. ஓடிச் சூடான டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைப் பிடுங்கிவிட்டால் ஆறியதும் குறைந்துபோகும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். டயர் வெடிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். பிறகு ஒவ்வொரு டயரின் உள்விளிம்பையும் கையால் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், ஏதோ பள்ளத்தில் இறங்கி அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கலைந்திருக்கலாம். பக்கச்சுவரில் கொப்புளம் போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதற்கு ஒட்டு கிடையாது, அந்த டயரைக் கழற்றிவிட வேண்டும். டயரின் மேல்பரப்பில் ஓடும் பள்ளங்களின் அடியில் சின்ன மேடுகள் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். தேய்மானம் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் மழையில் பிடிமானம் இருக்காது.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், பெரும்பாலும் சக்கரத்தில் ஒட்டியிருந்த பேலன்சிங் எடை விழுந்திருக்கும். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். வழியில் எங்காவது சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால், 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

திரும்பும் பயணத்தில் சாமான் பெருகியிருக்கும், ஈரத்துணியும் சேர்ந்திருக்கும். கடைசி இரவே டிக்கியைக் காலி செய்து மறுபடி அடுக்குங்கள். கனமானவை அடியில், பின்சீட்டின் முதுகை ஒட்டி. சீட்டின் உயரத்துக்கு மேல் எதுவும் போகக் கூடாது; பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் தண்ணீர் பாட்டில்கூட வேண்டாம், சடன் பிரேக்கில் அது தலைக்குத்தான் வரும். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாப் பெட்டிக்கும் கீழே புதைந்திருக்கக் கூடாது. டிக்கி கனத்தால் முகப்பு விளக்கு மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூசும். டேஷ்போர்டில் விளக்கு மட்டத்தைச் சரிசெய்யும் சக்கரம் இருந்தால் இறக்கி வையுங்கள். முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடையுங்கள். அங்கே படியும் மெல்லிய படலம்தான் இரவில் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது.

குழந்தைகள் இருக்கை வார்கள் இத்தனை நாளில் தளர்ந்திருக்கும். தோள் அருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்கு மடிப்பு அகப்பட்டால் இறுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இறங்கி நடக்கட்டும், பெரியவர்களின் கெண்டைக்கால் கட்டாயம் அசைய வேண்டும். நிறுத்தும்போதெல்லாம் ஓட்டுபவர் நான்கு சக்கரத்தின் அருகிலும், தொடாமல், புறங்கையைக் காட்டிப் பார்க்கட்டும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் திறந்தவுடன் கேஸ் வாடை அடிக்கிறதா பாருங்கள். அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். நாள்கணக்கில் மூடிக் கிடந்த குழாய்களில் தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு பயன்படுத்துங்கள். வண்டியின் ஆயிலையும் கூலன்டையும் மறுநாள் காலை என்ஜின் ஆறியபின் பார்த்தால் போதும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். வேலைக்குப் போவதற்கு முன் ஓட்டியவருக்கு ஒரு நாள் ஓய்வு இருக்கும்படி விடுப்பு எடுங்கள்.

நன்றி, வணக்கம்.