லோடு வண்டியின் மைலேஜ் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்றுதான். விலை, தவணை எல்லாம் அப்புறம். 2005-இல் டாடா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்த காலத்திலும் இதே கேள்விதான். 2011-இல் ஒசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தபோதும், பொலிரோ பிக்கப் ஊர் ஊராகப் பரவியபோதும் அது மாறவில்லை. சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்து ஓட்டிப் பிழைப்பவருக்கு டீசல்தான் அன்றாடச் செலவில் பெரியது. லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது, ஒவ்வொரு கிலோமீட்டரும் வீட்டுச் செலவோடு சம்பந்தப்பட்டது. அதனால் இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். பதில் எங்கே தவறிப்போகிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

லோடும் சேர்த்து மொத்த எடை 3.5 டன் வரை உள்ள வண்டிகளை நம் நாட்டில் ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டிப் புகையையும் மைலேஜையும் சோதிக்கிறார்கள். மொத்தமே சுமார் 20 நிமிடம், பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உச்ச வேகம் 90. எதிர்க்காற்று இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே மாடு வராது. இதைவிட முக்கியம் எடை. காலி வண்டியின் எடையோடு 150 கிலோ மட்டும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஒன்றரை டன் ஏற்றுவதற்காகவே செய்த வண்டிக்கும் அதே 150 கிலோதான். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. எல்லா வண்டியையும் ஒரே அளவுகோலில் வைத்துப் புகையை அளப்பதுதான் அந்தச் சோதனையின் முதல் வேலை. ஆனால் அங்கிருந்து வரும் மைலேஜ் எண்ணை வைத்துத் தவணை கட்டத் திட்டம் போட்டால் மாதக் கடைசியில் கை கடிக்கும். அமெரிக்காவில் மொத்த எடை 8,500 பவுண்டு, அதாவது சுமார் 3,850 கிலோவைத் தாண்டும் பெரிய பிக்கப்புகளுக்கு மைலேஜ் எண்ணைக் காட்டும் ஒட்டுவில்லையே ஒட்ட வேண்டியதில்லை. அங்கேயும் வாங்குகிறவர் ஓட்டித்தான் தெரிந்துகொள்கிறார்.

சரி, ரோட்டில் டீசல் எங்கே போகிறது? ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரம் வரை வந்து சேர்ந்தாலே நல்ல எஞ்சின். மீதி வெப்பமாகப் போய்விடும். இப்போது லோடோடு 3 டன் எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். அதை முழுசாக நிறுத்தி மறுபடியும் 60-க்குக் கொண்டுவர, வேகம் ஏற்றுவதற்கு மட்டும் சுமார் 35 மில்லி டீசல் வேண்டும். வேகத்தடைக்காக 15-க்கு இறக்கினாலும் கிட்டத்தட்ட அதே செலவுதான், ஏனென்றால் வண்டியில் இருந்த இயக்க ஆற்றலில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. முப்பது வேகத்தடை ஏறி இறங்கினால் ஒரு லிட்டர் போச்சு. ஒரே மாடல், ஒரே லோடு, ஆனால் பைபாஸில் ஓடும் வண்டிக்கும் ஊருக்குள் ஓடும் வண்டிக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்து வண்டியைத் தானாகத் தணிய விடுகிற டிரைவர், பிரேக்கில் வீணாகப் போகும் ஆற்றலைத் தூரமாக மாற்றிக்கொள்கிறார்.

வேகம் இன்னொரு பக்கம். 60-லிருந்து 80-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு சுமார் 78 சதவீதம் கூடுகிறது. கேபினுக்கு மேலே உயரமாக வைக்கோலோ மெத்தையோ அடுக்கித் தார்ப்பாய் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். எடை குறைவாக இருந்தாலும் மைலேஜ் விழும்.

மலை ஏற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். காலியாகப் போகும் பிக்கப்பை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் இரண்டரை லிட்டருக்கு மேல் ஆகும். 3 டன்னோடு ஏறினால் நாலரை லிட்டரைத் தாண்டும். தூரத்துக்கான டீசல் தனி. இறங்கும்போது அதைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்று சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மண்டிக்கு இறங்கும் வண்டியில் இப்படிச் செய்வதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. இதில் டீசலும் மிச்சமாகாது. கம்ப்யூட்டர் அளந்து டீசல் விடுகிற இன்றைய காமன் ரெயில் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் போவது கிட்டத்தட்ட நின்றுவிடும், சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிய வேண்டும். எஞ்சின் பிடிப்பு இல்லாத வண்டியின் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறி, மிதித்தாலும் நிற்காத நிலைக்கு வந்துவிடும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய டிரைவர்கள் சொல்வது டீசல் கணக்கிலும் சரிதான்.

நான் இன்று சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லோடு வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. எத்தனை டன்னை எத்தனை கிலோமீட்டர் கொண்டுபோனது என்று பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒன்றரை டன்னோடு 12, காலியாக 16 கொடுக்கும் வண்டி என்று எடுத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் லோடோடு போய்க் காலியாகத் திரும்பினால் சுமார் 14.6 லிட்டர். அதே வண்டிக்கு ரிட்டர்ன் லோடு கிடைத்தால் 16.7 லிட்டர். இரண்டு லிட்டர் சொச்சம் கூடுதலாக எரித்து, இரண்டு மடங்கு சரக்கு நகர்ந்துவிடுகிறது! வெறும் மைலேஜைப் பார்த்தால் காலியாகத் திரும்பிய வண்டிதான் நல்ல வண்டி மாதிரி தெரியும். எஞ்சினை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்த அளவு லாபம் வராது. இதைக் கேட்டுவிட்டு ஓவர்லோடு ஏற்றிவிடாதீர்கள். டயரும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் கெடுவது ஒரு பக்கம், பிடிபட்டால் 2019-இல் திருத்திய சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பல நடைகளின் லாபம் ஒரே நாளில் போய்விடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி வந்த வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கரித்துகள் வடிகட்டி உள்ள வண்டியில், சேர்ந்த கரியை எரிக்க அவ்வப்போது கூடுதல் டீசல் செலவாகும். குறுகிய நடையாகவே ஓடும் வண்டியில் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். அதற்கான விளக்கு எரிந்தால் பைபாஸில் கொஞ்ச தூரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். விளக்கு அப்போதும் அணையாவிட்டால் சர்வீஸுக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, டீசல் பிடிக்கும் துப்பாக்கி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். மறுபடி நிரப்பும்போது ஓடிய தூரம், பிடித்த லிட்டர், ஏற்றிய எடை, காலியாக ஓடிய தூரம் நான்கையும் எழுதுங்கள். ஒரே டேங்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம், சில மாதம் எழுதிப் பாருங்கள். அதே ரூட்டில், அதே லோடில் மைலேஜ் இறங்கினால் முதலில் டயர் காற்று, அடுத்து ஏர் ஃபில்டர். அப்புறம் ஒரு நடை ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.