ஆற்றைக் கடக்காத 200 பேர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விசுவாச வாழ்வில் உற்சாகம்’. கேட்டதும் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. உற்சாகம் என்றால் நமக்கு ஏதோ கைதட்டலும் சிரிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. இல்லாவிட்டால் உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்ற வசனம். காணிக்கை எடுக்கும் நேரத்தில் அதை மறக்க நம்மை யாரும் விடமாட்டார்கள். ஆனால் நம் வேதப்புத்தகத்தின் தமிழில் அதைவிடக் கனமான சொற்கள் இருக்கின்றன. திடன், தேறுதல், ஆறுதல். உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்று சொன்ன கையோடு ‘திடன்கொள்ளுங்கள்’ என்கிறார் இயேசு. உபத்திரவம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

அதனால் இன்று பல வசனங்களுக்குப் போகப்போவதில்லை. 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரம், அந்த ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடலாம்.

தாவீது இன்னும் ராஜா ஆகவில்லை. சவுல் ராஜாவுக்குப் பயந்து, இஸ்ரவேலின் எதிரிகளான பெலிஸ்தரின் நாட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறான். ஆகீஸ் ராஜா கொடுத்த சிக்லாகுதான் அவனுக்கு வீடு. பெலிஸ்தரின் படையோடு போருக்குக் கிளம்பியவனை, இவனை நம்ப முடியாது என்று அவர்களின் பிரபுக்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் 600 பேரோடு ஊருக்கு வந்து பார்த்தால், ஊர் இல்லை. அமலேக்கியர் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் சிறைபிடித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். தாவீதின் மனைவிகள் இரண்டு பேரும் அதில் உண்டு. அழுவதற்குப் பெலன் இல்லாமல் போகும்வரை அழுதார்கள் என்று எழுதியிருக்கிறது. அழுதவர்கள் போர்வீரர்கள். அதற்காக அவர்களை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. நாம்தான் சொல்வோம்.

அழுகை ஓய்ந்ததும் துக்கம் கோபமாகத் திரும்புகிறது. தாவீதைக் கல்லெறிய வேண்டும் என்று அவனுடைய ஆட்களே பேசிக்கொள்கிறார்கள். அந்த இடத்தில்தான் அந்த வரி வருகிறது: “தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்.”

இதைப் படித்துவிட்டு அடுத்த வசனத்துக்கு ஓடிவிடாதீர்கள். அந்த நிமிடத்தில் என்ன மாறியிருக்கிறது? ஊர் எரிந்தது எரிந்ததுதான். மனைவிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது. கல்லெறியும் பேச்சு அடங்கியதாகக்கூட எழுதியில்லை. எதுவும் மாறாத அந்த நிமிடத்தில் திடப்படுத்திக்கொண்டான். எப்படி என்று வேதம் விளக்கவில்லை. அதை நான் குறையாக நினைக்கவில்லை. வழிமுறையை எழுதி வைத்திருந்தால் ஏழு படிகள் என்று நாம் நோட்டீஸ் அடித்திருப்போம்.

அடுத்து அவன் செய்தது மட்டும் தெரியும். ஆசாரியனாகிய அபியத்தாரிடம், ஆசாரியர் அணியும் உடையான ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கர்த்தரிடம் விசாரித்தான். இரண்டே கேள்விகள். அவர்களைப் பின்தொடரவா? பிடிப்பேனா? அவ்வளவுதான் ஜெபம்.

சங்கீதங்களில் ஏறக்குறையப் பாதி அவன் பேரில்தான் இருக்கிறது. அப்பேர்ப்பட்டவனுக்கு அன்றைக்கு வாயில் வந்தது இரண்டு கேள்விகள். எனக்கு இது பெரிய நிம்மதி. நீளமாக ஜெபிக்க வராத நாட்கள் நமக்கு உண்டு. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களுக்குள் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் மோசம். கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், மற்ற புலம்பல்களில் வருவதுபோல முடிவில் துதிக்குத் திரும்புவதில்லை. இருந்தும் அதை யாரும் பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடவில்லை. உங்களிடம் சொற்கள் தீர்ந்துபோனால் அதை எடுத்து அப்படியே வாசியுங்கள். வாசிக்கவும் முடியவில்லையா? வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-ல் இருக்கிறது. பெருமூச்சு விட யாருக்கும் பயிற்சி தேவையில்லை.

சரி, கதைக்கு வருவோம். பின்தொடரலாம் என்று பதில் வந்துவிட்டது. 600 பேரும் கிளம்புகிறார்கள். பேசோர் ஆற்றண்டையில் 200 பேர் களைத்துப்போய்த் தங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன். மீதி 400 பேர் விரைகிறார்கள். ஒவ்வொரு மணி நேரமும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போகிறது. அந்த நேரம் பார்த்து வயல்வெளியில் ஒருவன் விழுந்து கிடக்கிறான். எகிப்தியன். மூன்று நாள் இரவும் பகலும் அவன் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை.

நானாக இருந்தால் தாண்டிப் போயிருப்பேன். உண்மையைச் சொல்கிறேன். போகிற அவசரத்தில் இது என் வேலை இல்லை என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கற்பித்திருப்பேன். அவர்கள் நின்றார்கள். அப்பம் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அத்திப்பழ அடையில் ஒரு துண்டும் வற்றலான இரண்டு திராட்சக்குலைகளும் கொடுத்தார்கள். எத்தனை குலை என்றுகூட எண்ணி எழுதியிருக்கிறது. அவனுக்கு உயிர் திரும்பி வந்த பிறகுதான், நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று தாவீது கேட்கிறான். விசாரணைக்கு முன்பே சாப்பாடு வந்துவிட்டது.

அவன் சொன்ன பதில் என்ன தெரியுமா? நான் ஒரு அமலேக்கியனின் வேலைக்காரன், வியாதிப்பட்டதால் என் எஜமான் என்னைக் கைவிட்டுப் போனான், சிக்லாகை நாங்கள்தான் சுட்டெரித்தோம். ‘நாங்கள்’ என்கிறான். யார் வீட்டைக் கொளுத்தினானோ அவர்கள் கொடுத்த அப்பத்தைத் தின்றுவிட்டு அவர்களிடமே அதைச் சொல்கிறான். அதன் பிறகு அவனே வழி காட்டுகிறான். அந்த வழியில் போய்த்தான் எல்லாரையும் மீட்கிறார்கள். சிறியது முதல் பெரியது வரை ஒன்றும் குறைவுபடவில்லை.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஊழியம் செய், உன் பிரச்சினை தீரும் என்று இதிலிருந்து பிரசங்கம் பண்ணிவிடலாம். எனக்கு அது பிடிக்காது. அந்த எகிப்தியன் வழி தெரியாதவனாக இருந்திருந்தாலும் அப்பம் அப்பம்தான். நான் இதில் பார்ப்பது வேறு. துக்கத்தில் இருக்கிறவனுடைய கையிலும் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைக் கொடுத்து முடிக்கும்வரை அது தன்னிடம் இருந்தது என்று அவனுக்கே தெரிவதில்லை.

என் மனைவி நீண்ட நாள் படுக்கையில் இருந்த சமயம். வந்தவர்கள் எல்லாரும் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வசனம் சரிதான், ஆனால் ஒரு நாளைக்கு நான்கு முறை கேட்டால் வசனமும் கைக்குத் தட்டுப்படும் கல்லாகிவிடும். சபையில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் வந்து, “மருந்துச் சீட்டைக் கொடு தம்பி” என்றார். மருந்துக் கடை வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அதிகம் பேசாமல் போனார். மறுபடி மறுபடி வந்தார். அவரைக் கர்த்தர்தான் அனுப்பினார் என்று பிறகு ஒரு நாள் அவரிடமே சொன்னேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். “அப்படியெல்லாம் இல்லை தம்பி. எனக்கு வீட்டுக்குள்ளே உட்கார முடியவில்லை. அதனால்தான் வந்தேன்” என்றார். அவர் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவரை கேட்கத் தோன்றவே இல்லை என்பதில் எனக்கு இன்றும் வெட்கம் உண்டு.

எல்லாக் கதையும் சிக்லாகு போல முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ஓல்னி என்ற ஊரில் ஜான் நியூட்டன் போதகராக இருந்தார். அடிமைக் கப்பலின் தலைவராக இருந்து, பின்னால் ஊழியத்துக்கு வந்தவர். கவிஞர் வில்லியம் கூப்பர் அவருடைய நண்பர். இரண்டு பேரும் சேர்ந்து வியாதியஸ்தரைப் பார்க்கப் போவார்கள், ஜெபக்கூட்டம் நடத்துவார்கள், பாட்டும் எழுதினார்கள். 1773-ல் கூப்பருக்கு மனநோய் முற்றியது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவருக்குள் வேர்விட்டது. 1800-ல் இறக்கும்வரை அது முழுதாக நீங்கவே இல்லை. விசுவாசம், ஜெபம், ஊழியம் எல்லாம் இருந்தும் நீங்கவில்லை. நியூட்டன் அவரைத் தம் வீட்டுக்கே கூட்டிவந்து ஓராண்டுக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் 1774-ல் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கூப்பருக்கு ஒரு முயல்குட்டியைக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு அதனிடம் விளையாட்டு சலித்துப்போய், கவனிப்பார் இல்லாமல் மெலிந்துகொண்டிருந்த குட்டி. கூப்பர் அதை வாங்கி வளர்த்தார். பிறகு மூன்று முயல்கள் ஆயின. அவற்றுக்குத் தம் கையாலேயே கூடுகள் செய்தார். தம் நிலைமைக்கு அப்படி ஒரு வேலை தேவையாக இருந்தது என்று அவரே பின்னால் எழுதினார். முயலுக்குத் தீனி வைப்பதை ஊழியம் என்று எந்தச் சபை அறிக்கையிலும் சேர்க்கமாட்டார்கள். நான் சேர்ப்பேன்.

உங்களில் யாருக்காவது இருள் அந்த அளவுக்கு இருந்தால் மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியன். சூரைச்செடியின் கீழே சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் கொண்டுவந்ததும் அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கவிட்டான். பிரசங்கம் பண்ணவில்லை.

இப்போது அந்த 200 பேர். வெற்றி பெற்றுத் திரும்பிய 400 பேரில் சிலர், கூட வராதவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடையாது, பெண்டாட்டி பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. போருக்குப் போனவனுக்கும் மூட்டை முடிச்சுகளுக்குக் காவல் இருந்தவனுக்கும் ஒரே பங்கு என்றான். அன்றைக்குத் தொடங்கி அது இஸ்ரவேலில் பிரமாணமாகிவிட்டது. அந்த 200 பேரும் சோம்பேறிகள் அல்ல. எரிந்த ஊரைப் பார்த்து மற்றவர்களோடு சேர்ந்து அழுதவர்கள், அந்த ஆறு வரைக்கும் நடந்து வந்தவர்கள். அதற்கு மேல் கால் வரவில்லை.

பங்கு பற்றிய பேச்சு வருவதற்கு முன்பே அவர்கள் தாவீதை எதிர்கொண்டு வருகிறார்கள். தாவீது கிட்டே போய் அவர்களுடைய சுகத்தை விசாரித்தான் என்று ஒரு சின்ன வரி இருக்கிறது. போனமுறை வாசித்தபோதுதான் நான் அதைக் கவனித்தேன்.

இப்போது ஜெபிக்கப் போகிறோம். எப்போதும்போல முன்னால் வாருங்கள் என்று கூப்பிடப் போவதில்லை. வர முடியாதவர்கள் பின் வரிசையிலேயே இருங்கள். நாங்கள் அங்கே வருகிறோம்.