புகழா? பொருளா? – பொருள் அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, முன்னால் பாயிலும் பின்னால் மதிலிலும் இருக்கிற உறவுகளே, வணக்கம்.

திரை நடிகர்களின் குடும்பம் பிளவுபடப் பெரிதும் காரணம் புகழா, பொருளா? எதிரணித் தலைவி அக்கா புகழ்தான் என்றார். ரசிகர் கூட்டம், கிசுகிசு, வீட்டுக்கு வராத இரவுகள் என்று அடுக்கிவிட்டு அமர்ந்தார். நல்ல பேச்சு. ஆனால் ஒரு காணி உறுதிப் பத்திரத்தையாவது, ஒரு கணக்குப் புத்தகத்தையாவது அக்கா விரித்துப் பார்க்கவில்லை.

புகழ் குடும்பத்தைப் பிரிக்கும் என்றால் முதலில் பிரிந்திருக்க வேண்டியது எங்கள் மட்டக்களப்புக் கூத்தர் குடும்பங்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டங்கொடுத்து, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் பிரித்துக் கொடுத்த நாளில் தொடங்கி, சதங்கை அணிந்து, முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் காணும்வரை எத்தனை இரவுகள் கூத்துக் களரியில் போகும் என்று இங்கே இருக்கிற தாய்மாரைக் கேளுங்கள். மறுகா வீட்டுக்கு வீடு ஆட்டம். ஊரே பெயர் சொல்லும். அக்கா சொன்ன "வீட்டுக்கு வராத இரவு" அங்கேயும் உண்டு. ஆனால் கூத்தாடிய வருமானத்தில் பங்கு கேட்டு அண்ணனும் தம்பியும் வழக்காடியதை எதிரணி காட்டட்டும் பார்ப்போம். பங்கு கேட்க அங்கே என்ன இருக்கு? உடுப்புக்கே கைக்காசு போகும்!

சினிமாவில் காசு வருகிற வழியைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்ததும் முற்பணம். படப்பிடிப்பு நகர நகரத் தவணை. கடைசித் தவணை பெரும்பாலும் டப்பிங் பேசுவதற்கு முன். வெளியீட்டுக்கு முதல்நாள் இரவு பைனான்சியர் வந்து, கடனை முடிக்காமல் படத்தை விடமாட்டேன் என்று நிற்பதுண்டு. அப்போது நடிகர் மிச்சச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பார், இல்லையென்றால் கடனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைப்பார். பேசிய சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது இன்னொன்று. வீட்டில் இருக்கிறவர்களுக்கோ பேப்பரில் வந்த தொகை மட்டும்தான் தெரியும். "இவ்வளவு வாங்கினவன் தங்கச்சி கலியாணத்துக்கு இதையா நீட்டுறான்?" கசப்பு இங்கேதான் முளைக்கிறது.

இன்னொன்று. முற்பணம் கைக்கு வந்தாலும் அது இன்னும் சம்பாத்தியம் இல்லை. படம் நின்றுபோனால் தயாரிப்பாளர் திருப்பிக் கேட்பார். நாலு முற்பணத்தைச் சேர்த்து வாங்கிய வீடு, நாலு கடனில் நிற்கிற வீடு. இந்தியாவில் இந்தச் சம்பளத்தில் கொடுக்கும்போதே பிடிக்கிற வரி 10 சதவீதம்தான். வருமான வரியின் உச்சப்படியோ 30 சதவீதம். இடைவெளியை எடுத்து ஒதுக்கி வைக்க வேண்டியவர் யார்? கால்ஷீட்டும் காசும் பார்க்கிற தகப்பன், அண்ணன், மச்சான். சொந்தக்காரர் என்பதால் அவருக்கு ஒப்பந்தமும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. வரி நோட்டீஸ் வரும் அன்றைக்கு நடிகர் "காசு எங்கே?" என்று கேட்பார். கூடப்பிறந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிடமே உறவு அறுந்துவிட்டது. அவர் எடுத்தாரா இல்லையா என்பது அதற்குப் பிறகு வருகிற பேச்சு.

1921-இல் சாப்ளினோடு நடித்து உலகப் புகழ் பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன். தகப்பன் 1935-இல் கார் விபத்தில் இறந்தார். கணக்குப் பார்த்தவரையே தாய் மறுமணம் செய்தார். பிள்ளைப் பருவத்தில் கூகன் சம்பாதித்தது 30 முதல் 40 லட்சம் டொலர் என்பார்கள். 1938-இல் தாய்மீதும் அந்த மாற்றுத் தகப்பன்மீதும் வழக்குப் போட்டு, கடைசியில் கைக்கு வந்தது சுமார் 126,000 டொலர். அந்தக் காலச் சட்டப்படி பிள்ளையின் உழைப்பு பெற்றோருக்கே சொந்தம். 1939-இல் கலிபோர்னியா இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்து குழந்தை நடிகரின் வருமானத்தில் 15 சதவீதத்தைத் தொட முடியாத கணக்கில் போட வேண்டும். நடுவர் அவர்களே, சட்டம் செய்தவர்கள் புகழுக்கு வேலி போடவில்லை. காசுக்குத்தான் போட்டார்கள்.

இந்த வேலி எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டத்தில் பரம்பரையாக வந்த முதுசொம் வேறு, தானே உழைத்துத் தேடிய தேட்டம் வேறு. முதுசொம் சகோதரியின் பிள்ளைகளுக்கு, தேட்டம் தன் பிள்ளைகளுக்கு. அந்தச் சட்டம் இன்று நீதிமன்றத்தில் இல்லை. ஆனாலும் மகள் கலியாணத்துக்கு முன் நொத்தாரிசிடம் போய் வீட்டு உறுதி எழுதுகிற வழக்கம் இருக்கு. எது யாருடையது என்று பந்தல் போட முன்னமே தெரியும்.

நடிகர் குடும்பத்தில் அந்தக் கோடு கிடையாது. விஜய்யைக் கதாநாயகனாக்கி 1992-இல் படம் இயக்கியவர் தகப்பன் எஸ்.ஏ.சந்திரசேகர். 2020-இல் அவரே மகன் பெயரில் கட்சி பதிவு செய்ய விண்ணப்பித்தார். எனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார் மகன். மறு ஆண்டு, பெற்றோர் உட்பட 11 பேர் தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னையில் உரிமையியல் வழக்கே போட்டார். "பெயர் என்றால் புகழ்தானே!" என்று எதிரணி துள்ளுவது தெரிகிறது. பொறுங்கள் அக்கா. வழக்கு, அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதில். தகப்பன் கண்ணுக்கு அது தான் தொடங்கிக் கொடுத்த முதுசொம், மகன் கண்ணுக்குத் தான் தேடிய தேட்டம். இது காணி வழக்கின் பேச்சு.

நடிகை சாவித்திரியின் வாழ்க்கை சிதைந்ததற்குக் காசு காரணமில்லை என்று எதிரணி சொன்னால் பாதி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே மணமான ஜெமினி கணேசனை மணந்ததில் வந்த வலிக்குக் கணக்குப் புத்தகம் பதில் சொல்லாது. ஆனால் 1971-இல் தானே இயக்கித் தயாரித்த 'பிராப்தம்' தந்த நட்டத்தையும் வரித் தொல்லையையும் மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது.

மணி அடிச்சாச்சு, ஒன்றே ஒன்று. 2025 மார்ச்சில் சிவாஜி கணேசனின் 'அன்னை இல்லம்' வீட்டை ஜப்தி செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காரணம், பேரன் பங்காளியாக இருந்த தயாரிப்பு நிறுவனத்தின் கடன். அப்பா எழுதிய உயிலின்படி வீடு எனக்கே உரியது என்று பிரபு காட்டிய பிறகுதான் ஏப்ரலில் உத்தரவு நீங்கியது. அக்கா, சிவாஜியைவிடப் பெரிய புகழ் தமிழில் யாருக்கு? அவ்வளவு புகழ் இருந்தும், அந்த வழக்கில் பிரபு நீட்டியது விருதையா, உயிலையா? அடுத்துப் பேச வருகிறவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.