உங்க டீம் எந்த ரீஜன்? ஈஸ்போர்ட்ஸ்ல வசிப்பிட விதியும் பாஸ்போர்ட் விதியும்

[திரையில்: கடலூர்–புதுச்சேரி சாலை வரைபடம். முள்ளோடை எல்லை மேல் அம்புக்குறி.]

வணக்கம். வாலரண்ட்ங்கற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் ஆட ஒரு டீம் போடுறோம்னு வச்சுக்குவோம். அஞ்சு பேர். முதல் ஆள் ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம். ரெண்டாவது ஆள் பாகூர். பைக்ல கொஞ்ச நேரம்தான், ஆனா அது புதுச்சேரி. மூணாவது ஆள் மாஹேக்காரர், காலாப்பட்டுல தங்கிப் படிக்கிறார். நாலாவது ஆள் பொறந்து வளந்தது எல்லாம் லாஸ்பேட்டை, கையில இருக்கறது பிரெஞ்சு பாஸ்போர்ட். அஞ்சாவது ஆளுக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை, இந்திய பாஸ்போர்ட், ஆனா சில வருஷமா அப்பா அம்மாவோட துபாய்ல இருக்கார்.

இதே டீம் ஒரு போட்டியில முழுசா செல்லும். இன்னொரு போட்டியில நாலு பேர்தான் தேறுவாங்க. மாநில வாரியா ஆள் எடுக்கற போட்டின்னா டீமே ரெண்டா உடைஞ்சிடும். திறமைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. "நீ எந்த ஊர்?"ங்கற கேள்வியை ஒவ்வொரு போட்டியும் ஒவ்வொரு விதமா கேக்குது. நீ எங்க குடியிருக்க? உன் பாஸ்போர்ட் எந்த நாடு? உன் இணைப்பு எந்த சர்வருக்குப் போகுது? இந்த மூணையும் ஒண்ணுன்னு நினைச்சு ரெஜிஸ்டர் பண்ற டீம்தான் குவாலிஃபையர் ஜெயிச்ச பிறகு வெளிய போகுது.

[திரையில்: 2013]

முதல்ல, இந்த வசிப்பிட விதி ஏன் வந்துச்சு? ஸ்டார்கிராஃப்ட் 2. அந்த கேமைத் தயாரிச்ச பிளிஸார்ட் நிறுவனம் 2013ல டபிள்யூசிஎஸ்ங்கற உலக சாம்பியன்ஷிப் தொடரைக் கொரியா, அமெரிக்கா, ஐரோப்பான்னு மூணாப் பிரிச்சாங்க. யார் எங்க வேணா சேரலாம்னு விட்டாங்க. கொரியாவுல நல்லா ஆடறவங்க அவ்வளவு பேர், உள்ளூர்ல போட்டி கடுமை. அதனால பலர் அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் பேர் குடுத்தாங்க. விளைவு, அமெரிக்கப் போட்டியோட கடைசிச் சுற்றுகள்ல கொரியர்களே கொரியர்களோட ஆடிக்கிட்டிருந்தாங்க. அமெரிக்கப் பசங்களுக்கு மேல ஏற இடமில்லை. 2015ல குடியுரிமையோ முறையான விசாவோ காட்டணும்னு கொண்டு வந்தாங்க. 2016ல கொரியாவைத் தனியா, மத்த நாடுகளைத் தனியான்னே பிரிச்சிட்டாங்க.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல இதே பிரச்சினை வேற வடிவத்துல வந்துச்சு. எல்எம்க்யூன்னு ஒரு சீன டீம். ஆட்களோட அமெரிக்காவுக்கே குடி வந்து, 2014 உலகப் போட்டிக்கு வட அமெரிக்கா பேர்லயே தகுதி வாங்கிட்டாங்க. ரூல்புக்ல அதைத் தடுக்க ஒரு வரி கூட இல்லை. அந்த வருஷம் செப்டம்பர்ல அந்த கேமோட நிறுவனமான ரயட் கேம்ஸ் இண்டர்ரீஜனல் மூவ்மெண்ட் பாலிசியை அறிவிச்சாங்க: களத்துல இறங்கற அஞ்சு பேர்ல குறைஞ்சது மூணு பேர் அந்த ரீஜனோட ரெசிடென்ட்டா, அதாவது அங்க குடியிருக்கறவங்களா இருக்கணும். வெளியாள், அதாவது இம்போர்ட், அதிகபட்சம் ரெண்டு. நல்ல நேரத்துல வந்த விதி. அந்த உலகப் போட்டி முடிஞ்சதும் ஜெயிச்ச சாம்சங் வொயிட், அதோட ஜோடி அணியான சாம்சங் ப்ளூ, ரெண்டோட கொரிய வீரர்களும் கூட்டமா சீன கிளப்புகளுக்குப் போனாங்க. விதி இருந்ததால ஒரு கிளப் ரெண்டு கொரியர்களுக்கு மேல இறக்க முடியலை.

எல்லா லீக்கும் இப்படித் தடுக்கலை. ஓவர்வாட்ச் லீக்கோட முதல் சீசன், 2018, லண்டன் ஸ்பிட்ஃபயர் ஜெயிச்சாங்க. பேருதான் லண்டன், ஆடினவங்க எல்லாரும் கொரியர்கள். ஆட்டம் அருமை, அதுல மறுபேச்சு இல்லை. ஆனா லண்டன்ல ஆடிப் பழகற ஒரு பொண்ணுக்கோ பையனுக்கோ அதனால எந்த வழியும் திறக்கலை. நம்மள மாதிரி வளர்ற ஊருக்கு அஞ்சுல மூணுங்கற கணக்கு அவசியம்னுதான் சொல்லுவோம்.

[திரையில்: ஐந்து பேரின் அட்டவணை. மேலே: வசிப்பிடம்.]

இப்ப நம்ம அஞ்சு பேருக்கு வருவோம். வாலரண்ட்டோட சர்வதேச லீக்குகள் 2023ல ஆரம்பிச்சுது: அமெரிக்காஸ், ஈஎம்இஏ (ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா), பசிஃபிக். 2024ல சீனா தனியா சேந்துது. இந்தியா இருக்கிறது பசிஃபிக்ல. நிறைய பேர் சறுக்கற இடம் இதுதான். ரீஜன்னா நாடு இல்லை. இந்திய அமைப்பான குளோபல் ஈஸ்போர்ட்ஸ் 2023ல பசிஃபிக் லீக்ல ஆடினப்ப, கொரியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வீரர்களையும் இறக்கினாங்க. அவங்க வெளிநாட்டுக்காரங்கதான், ஆனா பசிஃபிக் ரீஜனுக்குள்ள இருக்கறவங்க. அதனால இம்போர்ட் கணக்குல வரலை.

நம்ம டீம்ல முதல் நாலு பேரும் இந்தப் பக்கம் குடியிருக்கறவங்க. பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிருக்கற லாஸ்பேட்டைக்காரரும் ரெசிடென்ட்தான், சட்டப்படி தங்கறதுக்கான காகிதம் இருந்தா போதும். இம்போர்ட் ஆகறது துபாய்ல இருக்கற பரங்கிப்பேட்டைக்காரர். துபாய் ஈஎம்இஏல வருது. நாலுக்கு ஒண்ணு, டீம் செல்லும். சில ரூல்புக்ல குடியுரிமையையும் ரெசிடென்ட் ஆகற வழியா ஏத்துக்குவாங்க, அப்ப அவரும் உள்ள வந்துடுவார். அந்த வரி இருக்கான்னு தேடிப் படிங்க.

"எவ்வளவு நாள் இருந்தா ரெசிடென்ட்?" இதையும் ஒவ்வொரு ஆர்கனைசரும் அவங்க இஷ்டத்துக்கு வச்சிருப்பாங்க, நடுவுல மாத்தவும் செய்வாங்க. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்லயே முதல்ல ரெண்டு வருஷம்னு இருந்த கெடுவைப் பின்னாடி நீட்டினாங்க. 2020ல ஆஸ்திரேலியா பக்கத்து லீக்கை மூடினப்ப, அந்த ஊர் வீரர்களை வட அமெரிக்க ரெசிடென்ட்டாவே எண்ணலாம்னு ரயட் அறிவிச்சாங்க. ஒரே அறிவிப்புல எத்தனையோ பேர் இம்போர்ட் பட்டியல்லருந்து வெளிய வந்தாங்க. அதனால போன வருஷ ரூல்புக்கை வச்சு இந்த வருஷம் டீம் போடாதீங்க.

கவுண்டர் ஸ்ட்ரைக்ல கணக்கு வேற மாதிரி. இத்தனை இம்போர்ட்தான்னு தடை கிடையாது. டீம்ல பெரும்பான்மை எந்த ரீஜனோ, டீம் அந்த ரீஜன். நம்ம டீம் ஆசியா.

[திரையில்: அட்டவணையின் தலைப்பு மாறுகிறது: பாஸ்போர்ட்.]

இப்ப கட்டத்தைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க. ஆசிய விளையாட்டுப் போட்டி. 2018 ஜகார்த்தாவுல ஈஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியா வந்துச்சு. 2022ல நடக்க வேண்டிய ஹாங்ஜோ போட்டி 2023ல நடந்தப்ப, ஏழு கேம்களுக்குப் பதக்கமே குடுத்தாங்க. அங்க நாட்டுக்காக ஆடுறோம், அதனால குடியுரிமைதான் முதல் கேள்வி. துபாய்ல இருக்கற பரங்கிப்பேட்டைக்காரர் தாராளமா இந்தியாவுக்கு ஆடலாம். லாஸ்பேட்டைக்காரர் முடியாது.

இது புதுச்சேரிக்குன்னே இருக்கற சிக்கல், அதனால கொஞ்சம் நின்னு பாப்போம். 1954 நவம்பர் 1ல பிரெஞ்சு ஆட்சி கைமாறுச்சு. 1962 ஆகஸ்ட் 16ல ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தப்ப, பிரெஞ்சு குடியுரிமை வேணும்னு எழுதிக் குடுக்க ஆறு மாசம் அவகாசம் குடுத்தாங்க. அப்படி எழுதிக் குடுத்த குடும்பங்களோட பேரப்பிள்ளைங்க இன்னைக்கும் நம்ம தெருவுலதான் இருக்காங்க. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏத்துக்கறதில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற ஓசிஐ கார்டு இருந்தா இங்க தங்கலாம், படிக்கலாம், ஆனா அது குடியுரிமை இல்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க இந்தியாவுக்காக ஆட முடியாதுன்னு விளையாட்டு அமைச்சகம் 2008லயே முடிவெடுத்தாச்சு. ஆதார் இருக்கேன்னு சிலர் கேப்பாங்க. ஆதார் விண்ணப்பத்துக்கு முந்தின 12 மாசத்துல 182 நாள் இங்க இருந்தா வெளிநாட்டவருக்கும் கிடைக்கும். குடியுரிமைச் சான்று இல்லைன்னு அதுலயே அச்சடிச்சிருப்பாங்க. வசிப்பிடம் கேக்கற போட்டிக்கு ஆதாரைக் காட்டுங்க. நாடு கேக்கற போட்டிக்கு பாஸ்போர்ட்.

மாநில வாரியா ஆள் எடுத்தா? ரெட்டிச்சாவடிக்காரரும், முகவரியை வச்சுப் பாத்தா பரங்கிப்பேட்டைக்காரரும் தமிழ்நாடு. பாகூர்க்காரர் புதுச்சேரி. மாஹே கேரளாக் கரையில இருந்தாலும் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், அதனால அவரும் புதுச்சேரி. ஆனா "மாநிலம்"ங்கறது ஆதார் முகவரியா, படிக்கற கல்லூரியா, இப்ப தங்கியிருக்கற இடமான்னு ஆர்கனைசர் எழுதியிருக்கணும். கடலூர்லருந்து வந்து புதுச்சேரியில படிக்கற அத்தனை பேரும் இந்த ஒரு வரியில மாட்டுறாங்க. எழுதலைன்னா கேட்டு வாங்குங்க.

[திரையில்: கடலடி கேபிள் வரைபடம். சென்னை, மும்பை, சிங்கப்பூர்.]

மூணாவது, சர்வர். கண்ணாடி இழையில ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதனால ஒவ்வொரு 1,000 கிலோமீட்டர் தூரத்துக்கும் போயிட்டு வர 10 மில்லிசெகண்ட். அதுக்குக் கீழ பிங், அதாவது சர்வருக்குப் போயிட்டு வர ஆகற நேரம், இறங்காது, எந்த பிளான் போட்டாலும் சரி. புதுச்சேரியிலருந்து மும்பை நேர்க்கோட்டுல ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம், அடிமட்டம் 10. சிங்கப்பூர் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி, அடிமட்டம் கிட்டத்தட்ட 30. கேபிள் வளைஞ்சு போறதால நிஜத்துல ரெண்டுமே கூடும்.

இப்ப ஒருத்தர் விபிஎன், அதாவது இணைப்பை வேற ஊர் வழியாத் திருப்பற செயலி, போட்டு சியோல்ல இருக்கற மாதிரிக் காட்டறார்னு வைங்க. ஆடறது மும்பை சர்வர். பாக்கெட் இங்கருந்து சியோல், சியோல்லருந்து மும்பை, அதே வழியில திரும்பி இங்க. ஒரு பக்கமே பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுது, பிங் 100க்குக் கீழ வரவே வராது. போட்டியை நடத்தற அட்மின் அந்தப் பிங்கைப் பாத்த உடனே சந்தேகப்படுவார். பிஜிஎம்ஐ மாதிரி இந்தியாவுக்குன்னே வந்த கேம்ல விபிஎன் போடறது நேரா டிஸ்குவாலிஃபிகேஷன். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர்ல தடையாகி, 2021 ஜூலையில இந்தியாவுக்கு மட்டும்னு தனியா வந்ததுதான் பிஜிஎம்ஐ. 2022 ஜூலையில ஸ்டோர்லருந்து எடுத்துட்டாங்க, 2023 மே மாசம் திரும்ப வந்துச்சு. துபாய் நண்பரை இதுல சேக்க நினைக்காதீங்க.

ஐபி முகவரியை மட்டும் வச்சு ஊரைத் தீர்மானிக்கறது நம்ம பகுதிக்கு நியாயமே இல்லை. பாகூர்ல இருந்து ஆடினாலும் ஐபி சென்னைன்னு காட்டும். மொபைல் நெட்வொர்க்ல புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒரே வட்டம். அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் மழை, புயல், கரண்ட் கட். பிராட்பேண்ட் போனா ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவீங்க, ஐபி காட்டற ஊரும் மாறும். மேட்சுக்கு முன்னாடியே "பேக்கப் இந்த நெட்வொர்க், ஐபி மாறலாம்"னு அட்மினுக்கு ஒரு மெசேஜ் போட்டு வைங்க. பின்னால விளக்கம் சொன்னா சாக்குன்னுதான் எடுத்துப்பாங்க.

[திரையில்: ஒரே பெயர், மூன்று காகிதங்களில் மூன்று விதமாக.]

இனி காகித வேலை. நம்ம ஊர் டீம்களை அதிகம் கவுக்கறது இனிஷியல். பள்ளிச் சான்றிதழ்ல "எஸ். கார்த்திக்". ஆதார்ல "கார்த்திக் எஸ்". பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிஞ்சு அப்பா பேர் முழுசா வந்து "கார்த்திக் செல்வம்". வெளிநாட்டு ஆர்கனைசருக்கு இவங்க மூணு வேற ஆட்கள். ரெஜிஸ்ட்ரேஷன்ல பாஸ்போர்ட்ல இருக்கற எழுத்தை அப்படியே போடுங்க. கேம் கணக்கு, வங்கிக் கணக்கு, பான் கார்டு எல்லாத்தையும் அதுக்கு ஒத்து வர வைங்க. பரிசுப் பணம் வரும்போது திரும்பக் கேப்பாங்க. பாஸ்போர்ட் இல்லாதவங்க குவாலிஃபையருக்கு முன்னாடியே விண்ணப்பிங்க. 18 வயசு ஆகாதவங்களுக்குப் பெத்தவங்க ஒப்புதல் கடிதம் தனியா வேணும். இருக்கற பாஸ்போர்ட் எப்ப காலாவதி ஆகுதுன்னும் பாருங்க. சின்ன வயசுல எடுத்தது அஞ்சு வருஷத்துக்குத்தான் இருக்கும்.

கடைசியா சப், அதாவது மாற்று வீரர். ஒரு டீம்ல மூணு ரெசிடென்ட், ரெண்டு இம்போர்ட். சப்பா வச்சிருக்கறது நல்லா ஆடற இன்னொரு இம்போர்ட். மேட்ச் அன்னைக்கு ஒரு ரெசிடென்ட்டுக்குக் காய்ச்சல். சப் உள்ள வந்தா கணக்கு ரெண்டுக்கு மூணு ஆகிடும். அட்மின் இறக்க விடமாட்டார். ரோஸ்டர், அதாவது வீரர் பட்டியல், லாக் ஆன பிறகு புதுசா யாரையும் சேக்கவும் முடியாது. நாலு பேரோட ஆடணும், இல்லன்னா மேட்சை விட்டுக் குடுக்கணும். முதல் சப் எப்பவும் ரெசிடென்ட்டா இருக்கட்டும், கொஞ்சம் கம்மியா ஆடினாலும் பரவால்ல.

ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி ஆர்கனைசருக்கு மெயில் போடுங்க. டிஸ்கார்ட்ல யாரோ ஒரு மாடரேட்டர் "ஓகே ப்ரோ"ன்னு சொன்னது பின்னால நிக்காது. மெயில்ல ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வரி: பாஸ்போர்ட் எந்த நாடு, இப்ப எங்க குடியிருக்கார், எத்தனை மாசமா, என்ன சான்று இருக்கு. கீழ நாலு கேள்வி. இவர் ரெசிடென்ட்டா, இம்போர்ட்டா? ரூல்புக்ல எந்தப் பிரிவுப்படி? எந்தத் தேதியில இருக்கற நிலையை எடுத்துக்குவீங்க, ரெஜிஸ்டர் பண்ற நாளா, ரோஸ்டர் லாக் ஆகற நாளா, முதல் மேட்ச் நாளா? சப் இறங்கினா அஞ்சு பேர் கணக்கைத் திரும்பப் பாப்பீங்களா? வந்த பதிலையும் அன்னைக்கு இருந்த ரூல்புக் பிடிஎஃப்பையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, டீம் கேப்டன் ஃபோன்லயும் ஒரு காப்பி வைங்க. லாபியில நின்னுக்கிட்டு அட்மினோட பேசும்போது கையில இருக்கணும்.