குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் எழுதப் பயிற்சி எங்கே கிடைக்கும்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். தம் குடும்ப வரலாற்றையும் ஊர் வரலாற்றையும் எழுத விரும்புவதாகவும், தாம் வரலாறு படித்தவர் அல்லர் என்பதால் இதற்கு முறையான பயிற்சி எங்காவது உண்டா என்றும் கேட்கிறார். தம் கொள்ளுப்பாட்டனாரின் தமையனார் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறியதாக வீட்டில் சொல்வார்களாம். அதைக் கண்டறிய வழி இருக்கிறதா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

ஐயா, பயிற்சி உண்டு. ஆனால் அது ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. நாலு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அந்த இடங்களுக்குப் போவதற்கு முன்பே உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தைப் பிறர் உதவியின்றி வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கிரயப் பத்திரம் இருந்தது. ஆங்கிலத் தேதி எழுதியிருந்த மூலையைச் செல் அரித்திருந்தது. 'பார்த்திப௵' என்பது மட்டும் தெளிவாக இருந்தது. '௵' என்பது வருடத்தைக் குறிக்கும் குறி. மாதத்துக்கு '௴', நாளுக்கு '௳', மேற்படி என்பதற்கு '௸' என்று எழுதுவார்கள். இந்த நான்கு குறிகளும் பழகிவிட்டால் பழைய பத்திரத்தின் மீதுள்ள அச்சம் பாதி விலகிவிடும். நான் பார்த்திப ஆண்டை 1945 என்று எடுத்துக்கொண்டு, அதை வைத்தே ஒரு தலைமுறைப் பட்டியலையும் எழுதிவிட்டேன். பிறகொரு நாள் அந்த முத்திரைத் தாளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது அதில் விக்டோரியா மகாராணியின் தலை அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டேன். மகாராணி 1901இல் மறைந்தவர். தமிழ் ஆண்டுகள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், அந்தப் பார்த்திப ஆண்டு 1885ஆகத்தான் இருக்க முடியும். ஒரு முத்திரைத் தாளைக் கவனிக்காததால் இரண்டு தலைமுறைகள் இடம் மாறியிருந்தன.

அதே பத்திரத்தில் நிலவரி குறித்த வரியில் பசலி 1295 என்றும் இருந்தது. பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி ஜூலை மாதத்தில் பிறக்கிறது. 1295உடன் 590 சேர்ந்தால் 1885. இரண்டு கணக்கும் ஒத்துப்போனபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

பத்திரத்தில் சொத்தை விடச் சுற்றியுள்ள செய்திகளே நமக்கு அருமையானவை. 'இன்னார் குமாரர் இன்னார்' என்ற தொடரில் ஒரு தலைமுறை நிற்கிறது. செக்குபந்தியில், அதாவது நான்கு எல்லையில், பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்கள் வருகின்றன. அவர்களில் சிலர் பெரும்பாலும் பங்காளிகளாகவே இருப்பார்கள். சாட்சிகளையும் கைநாட்டு வைத்தவர்களையும் பத்திரம் எழுதியவரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டனின் பெயரைப் பெயரனுக்கு இடுவது நம் வழக்கம் என்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மீண்டும் மீண்டும் வரும்; தந்தை பெயரைச் சேர்த்துப் பார்க்காமல் யாரையும் பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள். பெண்களின் பெயர்கள்தாம் அதிகமாக மறைந்துபோகின்றன. வீட்டில் மூத்த அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், அவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிப் பயிற்சி தரும் இடங்கள். மாநிலத் தொல்லியல் துறை தொல்லியலிலும் கல்வெட்டியலிலும் பட்டயப்படிப்பு நடத்துகிறது. ஆனால் அது முழுநேரப் படிப்பு, உங்களுக்கு ஒத்துவராது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. உங்கள் நிலையில் உள்ளவருக்கு நான் பரிந்துரைப்பது சில நாட்களில் முடியும் கல்வெட்டு வாசிப்புப் பயிலரங்குகளையும், களத்துக்குப் போகிறவர்களோடு சேர்ந்து போவதையும்தான். உங்கள் மாவட்டத்திலேயே திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவம் இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் ஒன்றின் முன்னால் அமர்ந்து வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தால், அது புத்தகத்தில் படித்ததை விட ஆழமாக மனத்தில் பதியும்.

வந்தவாசி என்றாலே எல்லோரும் 1760ஆம் ஆண்டுப் போரைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் ஊரின் ஏரி, மதகு, சாவடி, குலதெய்வக் கோயிலில் கொடையாளர் பெயர் பொறித்த உபயக் கல் ஆகியவற்றை எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை. அன்று வந்தவாசி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்ததால், 1881இல் வெளிவந்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு அதற்குப் பின்னணி தரும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். நில வரித்திட்டப் பதிவேடுகளுக்கு எழும்பூரில் 1909 முதல் செயல்பட்டு வரும் ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். போகும்போது பழைய சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு போங்கள், புதிய எண் அங்கே உதவாது. 1980இல் கர்ணம் என்னும் கிராமக் கணக்கர் பதவி ஒழிக்கப்பட்ட பிறகு பழைய கிராமக் கணக்குகள் சில வீடுகளிலேயே தங்கிவிட்டன என்பதால், அந்தக் குடும்பங்களையும் மரியாதையோடு அணுகிப் பாருங்கள். ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: ஆதாரம் இல்லாமல் குடும்பத்தை எந்த அரச மரபோடும் இணைத்து எழுதாதீர்கள். உழுதவர், நெய்தவர், கப்பல் ஏறியவர் எனத் தெரிந்தவர்களை உள்ளபடி எழுதுவதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

நேட்டால் கேள்விக்கு வருகிறேன். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் ஆகியவற்றோடு உடலில் இருந்த மச்சம், தழும்பு வரை பதிந்தார்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்று இணையத்தில் தேடிப் பார்க்கும்படி இருக்கின்றன. காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் என்பதால் முனுசாமி ஒருவரே நாலு எழுத்துக்கூட்டலில் வருவார். வந்தவாசியையும் 'வாண்டிவாஷ்' என்றுதான் தேட வேண்டும். ஆகவே ஆள் பெயரில் தொடங்காமல், வட ஆற்காடு, தாலுகா, கிராமம் என்ற வரிசையில் வடிகட்டி, கடைசியில் தந்தை பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். கொள்ளுப்பாட்டனாரின் தந்தை பெயர் உங்கள் வீட்டுப் பத்திரத்தில் கிடைத்தால், ஊர்ப் பெயரோடு எனக்கும் எழுதி அனுப்புங்கள் ஐயா, நானும் அமர்ந்து தேடுகிறேன்.