பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், பிறகும் ஏன்?

அடுத்த கேள்வி ஒரு தங்கையுடையது. "தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவமே ஏறக்குறைய இல்லை என்கிறீர்கள். பிறகு ஏன் பச்சைக் குழந்தைகள் இறக்கின்றன? தாய் படித்திருந்தால் குழந்தை பிழைக்கும் என்பது உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் எத்தனை இறக்கின்றன என்பதுதான் சிசு மரண விகிதம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 1992-93இல் தமிழ்நாட்டில் இது ஏறக்குறைய 68. 2019-21இல் 18.6. அந்த 18.6இலும் 12.7, முதல் 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்புகள். வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் வாரிக்கொண்டு போன காலம் போய்விட்டது. இப்போது குறைமாதம், எடைக்குறைவு, பிறக்கும்போதே மூச்சுத்திணறல், கிருமித்தொற்று. ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும் இவற்றைத் தடுக்காது. இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. கைக்குழந்தை தவழும் முன்பே அடுத்த கர்ப்பம் என்றால் அந்த உடம்பு எப்போது தேறும்? குறைந்தது இரண்டு வருடமாவது இடைவெளி விடுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். படித்த பெண்ணின் வீட்டில் பெரும்பாலும் கழிப்பறையும் நல்ல தண்ணீரும் கொஞ்சம் காசும் இருக்கும். அதனால் எல்லாப் புகழையும் படிப்புக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் வீட்டில் அவள் பேச்சு எடுபடுகிறதே, அது பெரிய விஷயம். 2019-21 ஆய்வின்படி இங்கே பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சிசேரியன். தாய் தியேட்டருக்குள் இருப்பாள், குழந்தை வெளியே பாட்டி கையில். தாய்மாமன் சேனை வைத்தால் மாமன் குணம் வருமாம். சீனித் தண்ணீரில் துணியை நனைத்து அந்தச் சின்ன உதட்டில் வைப்பார்கள். எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! மாமன் குணம் வருமோ என்னவோ, கிருமி வரும். "சீம்பாலைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள்" என்று முன்கூட்டியே மாமியாரிடம் சொல்லிவைக்கிற துணிச்சலைத்தான் நான் படிப்பு என்கிறேன். தாய் பிறகு சொல்லிப் பயனில்லை, சேனை வைக்கிற நேரத்தில் அவள் மயக்க மருந்தின் பிடியில் இருப்பாள்.

பிறந்த உடனே குளிப்பாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம், ஒரு நாளாவது போகட்டும். எடை குறைந்த குழந்தைக்குச் சூடுதான் முதல் மருந்து. தாயின் வெற்று மார்போடு அணைத்து, மேலே துணியைப் போர்த்துங்கள். தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பா செய்யலாம். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தால் போதும்.