மரத்தை அறியக் கதையா, கட்டுரையா?

நடுவர் அவர்களே, ஏற்கெனவே கைதட்டலை அள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'மரங்களையும் காடுகளையும் அறிந்துகொள்ளப் பெரிதும் துணை நிற்பவை கதை நூல்களா, கட்டுரை நூல்களா?' என்பது தலைப்பு. நான் கட்டுரை நூல்களின் பக்கம். எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது நடுவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முடிக்கும்போது அவர் கொட்டாவி விடாமல் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் என் அணிக்காரர்கள் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

எதிரணித் தலைவர் எடுத்துவைத்தது பிரெஞ்சு எழுத்தாளர் ழான் ஜியோனோ 1953-இல் எழுதிய கதை. எல்ஸியார் புஃபியே என்ற ஆட்டிடையர் யாரும் கேட்காமலே ஓக் விதைகளை ஊன்றி, ஒரு வறண்ட மலைப்பகுதியையே காடாக்குகிறார். "எந்தத் தாவரவியல் புத்தகம் இத்தனை பேரை மரம் நட வைத்தது?" என்று தலைவர் கேட்டார். நானும் ரசித்த கதைதான். ஆனால் அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறதே, அதைத் தலைவர் சொல்லவில்லை. நீங்கள் சந்தித்த மறக்க முடியாத மனிதரைப் பற்றி எழுதுங்கள் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகை கேட்டதற்காக எழுதியது அது. பத்திரிகைக்காரர்கள் விசாரித்துப் பார்த்தார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாது. 1957-இல் ஜியோனோவே ஒரு கடிதத்தில், அவர் என் கற்பனை, மரங்கள் மேல் மக்களுக்கு ஆசை வரட்டும் என்றுதான் எழுதினேன் என்று சொல்லிவிட்டார்.

அப்படியிருந்தும் உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்த இடையரை நிஜ மனிதர் என்றே நம்பினார்கள். ஏன்? கதைக்குள் போய்ப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் 1,00,000 விதை ஊன்றினார், 20,000 முளைத்தது, அதில் பாதி போய்விடும், 10,000 மரம் தேறும் என்று கணக்குச் சொல்கிறார் ஜியோனோ. இப்படிக் கணக்குச் சொல்வது கட்டுரைக்காரர்களான எங்கள் சட்டை, நடுவர் அவர்களே! எங்களிடம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மேடையேறி மாலையும் வாங்கிவிட்டார்கள்.

நிஜமாகவே மரம் நட்டவர் எழுதிய புத்தகம் இருக்கிறது. கென்யாவின் வாங்காரி மாத்தாய் 1977-இல் மரம் நடும் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார், 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார், 2006-இல் தன் வாழ்க்கையை எழுதினார். அதில் ஓர் அத்தி மரம் வருகிறது. அதிலிருந்து விறகு எடுக்காதே, அது கடவுளின் மரம் என்கிறார் தாய். மரத்தருகே ஓர் ஊற்று. அந்தத் தண்ணீரில் தவளை முட்டைகள் மணிகள்போலக் கிடக்க, சிறுமி அதை எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள். கையில் எடுத்தால் உடைந்துபோகிறது. பிறகு, படித்து வளர்ந்து திரும்பி வந்து பார்த்தால் மரம் வெட்டப்பட்டிருக்கிறது, தேயிலை நட்டிருக்கிறார்கள், ஊற்றும் வற்றியிருக்கிறது. கதையாசிரியர் இங்கே நிறுத்தி நம்மை அழவிட்டிருப்பார். மாத்தாய் அடுத்ததாகக் காரணத்தைச் சொல்கிறார்: அத்தியின் வேர் பாறையைத் துளைத்து ஆழத்து நீரைத் தொடும், அந்த வழியாகத்தான் நீர் மேலே வந்தது, வேர்தான் மண்ணையும் பிடித்து வைத்திருந்தது. அழுகையோடு அறிவும் ஒரே பக்கத்தில் கிடைக்கிறதே, அப்புறம் எதற்கு நமக்கு இடையர்?

இரண்டாவதாகப் பேசிய சகோதரி நற்றிணையைக் கொண்டுவந்தார். விளையாட்டாக வெண்மணலில் அழுத்தி மறந்துபோன விதை முளைத்துப் புன்னையாகிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். தாய் அதை 'உங்கள் தங்கை' என்கிறாள். அக்காக்காரி அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கப்படுகிறாள். சகோதரி சொன்னபோது நானும் கைதட்டினேன். செடிக்குத் தண்ணீரே போதும், பாலும் நெய்யும் வீண் என்று எங்கள் அணியில் யாராவது முணுமுணுத்திருந்தால் மன்னியுங்கள். ஆனால் புன்னை மணலில் முளைக்கும் என்பதைப் பார்த்து எழுதியவர் அந்தப் புலவர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறாரே, அது கற்பனையா, களக்குறிப்பா? கபிலரை எங்கள் பக்கம் உட்கார வைக்க நடுவர் அனுமதிக்க வேண்டும்.

சரி, என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். ரிச்சர்ட் பவர்ஸ் 2018-இல் எழுதி, 2019-இல் புலிட்சர் பரிசு வாங்கிய 'தி ஓவர்ஸ்டோரி' என்ற மரங்களின் நாவலை எதிரணி அடிக்கடி காட்டியது. அதில் ஒரு பெண் விஞ்ஞானி. மரங்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுகின்றன என்கிறாள், ஏளனம் செய்கிறார்கள், கடைசியில் அவள் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொள்கிறது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் ஒருவர் கனடாவின் சூசன் சிமார்ட். அவர் செய்ததைப் பாருங்கள். பிர்ச், டக்ளஸ் ஃபர் என்ற இரண்டு வகை மரங்களின் நாற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டின் மேலும் பிளாஸ்டிக் பை கட்டி, ஒன்றுக்குள் கார்பன்-13 கலந்த கரியமில வாயுவையும் மற்றதற்குள் கார்பன்-14 கலந்ததையும் செலுத்துகிறார். இரண்டும் கார்பனின் வெவ்வேறு வகைகள், எது எந்த மரத்திலிருந்து வந்தது என்று அடையாளம் காட்டும். பிறகு எது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அளக்கிறார். பிர்ச்சின் கார்பன் ஃபருக்குள்ளும், ஃபருடையது பிர்ச்சுக்குள்ளும்! ஃபருக்கு நிழல் கூடியபோது அதற்கு வந்து சேர்ந்ததும் கூடியது. வேர்களோடு சேர்ந்து வாழும் பூஞ்சை இழைகள் வழியாக இது நடந்திருக்கலாம் என்று 1997-இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் வெளியானது.

இதிலிருந்து 'தாய் மரம் தன் குஞ்சுகளுக்குப் பூஞ்சை வழியாக ஊட்டுகிறது' என்பது வரை பேச்சு வளர்ந்தது. 2023-இல் அதே துறையில் ஆய்வு செய்த மூவர் சேர்ந்து எல்லாச் சான்றுகளையும் எடுத்து அலசினார்கள். காட்டில் செய்த சோதனைகளை வைத்து இவ்வளவு தூரம் பேச முடியாது, கார்பன் மண் வழியாகவும் போயிருக்கலாம், தாய் மரம் தன் வாரிசைத் தேடி ஊட்டுகிறது என்பதற்குக் காட்டிலிருந்து சான்றே இல்லை என்று எழுதினார்கள். சிமார்ட் தன் முடிவுகளில் உறுதியாக நிற்கிறார். விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

நாவலில் அந்த விவாதம் 2018-லேயே முடிந்துவிட்டது. அந்த விஞ்ஞானி ஜெயித்துவிட்டாள். இனி எத்தனை பதிப்பு வந்தாலும் ஜெயித்துக்கொண்டேதான் இருப்பாள். கதையின் குணம் அப்படி, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதை மட்டும் படித்துவிட்டுக் காட்டுக்குள் போகிறவர் பார்ப்பது காட்டையா, கடைசி அத்தியாயத்தையா? கட்டுரை நூலும் தப்பும் தவறுமாக எழுதும், சில சமயம் மரத்தைக் கட்டிப்பிடித்து உருகவும் செய்யும். ஆனால் அதோடு மல்லுக்கட்ட இன்னொரு கட்டுரை வரும்.

கட்டுரை நூல்களைச் சுவையில்லாத 'வறட்சி, வறட்சி' என்றார்களே, அதற்கு ஒன்று. 1964-இல் அமெரிக்காவின் நெவாடாவில் பழங்காலத் தட்பவெப்பத்தை ஆராய்ந்த ஒரு மாணவர், வனத்துறை அனுமதியோடு ஒரு பிரிசில்கோன் பைன் மரத்தை வெட்டவைத்தார். வளையங்களை எண்ணினால் 4,800-க்கும் மேல் போகிறது. அதுவரை உலகம் அறிந்த மரங்களிலேயே வயதில் மூத்ததை, வயது தெரிந்துகொள்வதற்காக வெட்டிவிட்டார்கள்! இப்படி ஒரு நாவலாசிரியர் எழுதினால், நம்பும்படியாக இல்லை என்று பதிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். காட்டில் வாழும் மனிதர்களின் வலி என்று வரும்போது நாவலுக்கு ஈடு குறைவு. 'சோளகர் தொட்டி' படித்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அதை எழுதிய ச. பாலமுருகன் மனித உரிமைக்காகக் களத்தில் நின்ற வழக்கறிஞர். 'ஆரண்யக்' என்ற வங்க நாவலை எழுதிய விபூதிபூஷண், பாகல்பூர் பக்கம் காட்டு நிலங்களை நிர்வகிக்கும் வேலையில் இருந்தவர். காடு அழிவதை எழுதியவர், அழிக்கும் தரப்பிலேயே சம்பளம் வாங்கியவர். கற்பனைக்கு முன்னால் இருவரிடமும் நேரில் கண்டது இருந்தது.

மணியில் கை வைத்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்து வரும் நண்பருக்கு ஒரே கேள்வி. காட்டைப் பற்றிக் கதையில் படித்து நம்பிய ஏதாவது ஒன்று தவறு என்று உங்களுக்கு எப்போதாவது தெரியவந்ததா? தெரியவந்திருந்தால், அதை உங்களுக்குச் சொன்னது எந்த வகைப் புத்தகம்? பதிலைச் சொல்லிவிட்டே உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.